சுவரில் இருக்கிற பவானி

கோத்தகிரி
5.5.2025

கருணாகரனுக்கு,

உயிரோடு இருக்கும் பவானி எழுதுவது. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சந்தேகம் வேண்டாம். நான் செத்துப்போன விஷயம் எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

எண்ணூர் ரேகா போன் அடித்தாள். நான் இங்கே பள்ளி விடுதியில் சமையல் வேலை செய்கிறேன் என்பது உன்னைத் தவிர அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எடுத்து "சொல்லுடி" என்றேன். வீல் என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். மறுபடி அடித்தாள், மறுபடி கத்தல். மூன்றாவது தடவைதான், "நீ பவானியா, இல்ல அவ போன்ல வேற யார்னா பேசிக்கினு கீறியா?" என்று கேட்டாள். நான் எப்படிச் செத்தேன் என்று இங்கே யாரிடமாவது விசாரிக்க அடித்தாளாம். அந்த நிமிஷம் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வைத்த பிறகு சிரிப்பு நின்றுபோனது.

திருவொற்றியூரில் ஏதோ கோடைக் கலை விழாவாம். நம் நாலாவது பிளாக்கின் கடல் பக்கத்துச் சுவர் முழுக்க என் முகமாம், அடியில் என் பெயராம். கீழே மாலை, ஊதுவத்தி, அகல் விளக்கு. யாரோ மேலிருந்து எடுத்த வீடியோ எல்லார் போனிலும் சுற்றுகிறதாம். வரைந்தது நீயாம். ரேகா சத்தியம் செய்கிறாள்.

போனில் கேட்டிருப்பேன். ஆனால் போனில் நீ மூச்சு மட்டும்தான் விடுவாய். அதைக் கேட்கக் காசு செலவழிக்க நான் தயாராக இல்லை. அதனால் எழுது.

இன்னொன்றும் தெரிந்துகொள். இங்கே பிள்ளைகளெல்லாம் லீவுக்குப் போய்விட்டார்கள். இவ்வளவு பெரிய விடுதியில் நானும் வாட்ச்மேனும் ஒரு நாயும்தான். மே மாசத்திலும் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிறேன், மீன் வாசனைக்கு ஏங்கிப்போய்க் கிடக்கிறேன். ஜூனில் வேலையைத் தொடர்கிறேனா என்று மேட்ரன் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்கே வந்துவிடலாம் என்றிருந்தேன். உன்னிடம் இல்லை. காலடிப்பேட்டை மார்க்கெட்டில் நான் மீன் விற்ற இடத்துக்கு. இப்போது எந்த முகத்தோடு வருவது? அதைத்தான் நீ சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாயே.

பவானி


திருவொற்றியூர்
9.5.2025

பவானிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் படித்தேன். எனக்கு எழுத வராது, உனக்குத் தெரியும்.

விழாக்காரர்கள் எங்கள் காட்டுப்பள்ளி கப்பல் யார்டுக்கு வந்து, கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடிக்கிற ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். நான் போனேன். கடற்கரை ரோடு நெடுக விழா. உடைந்த ஃபைபர் படகில் ஒரு திமிங்கலம் செய்திருக்கிறார்கள். கிழிந்த வலையில் ஒரு கோட்டை. சாயங்காலம் பறை, சிலம்பம், மூங்கில் கால் கட்டி நடக்கிறவர்கள். நாலாவது பிளாக் சுவருக்குப் பெங்களூரிலிருந்து ஒரு பையன் வந்தான். வெயிலில் மயக்கம் போட்டு ஊருக்கே போய்விட்டான். சுவர் காலியாக இருந்தது. விழாவை நடத்துகிற சங்கமித்ரா என்கிற அம்மா, "நீங்களே ஏதாவது வரைங்கண்ணே" என்றார்கள்.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. உன்னை வரைந்தேன். கப்பல் அடிவயிற்றுக்கு அடிக்கிற காவிச் சிவப்பும் மேலே அடிக்கிற சாம்பலும்தான் எனக்குப் பழக்கம். அதையே வாங்கித் தரச் சொன்னேன். கப்பலுக்குப் பெயர் எழுதுவதுபோல் கீழே உன் பெயரை எழுதினேன்.

இறங்கி வந்ததும் குணசுந்தரி அக்கா நின்றிருந்தார்கள். மார்க்கெட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து விற்றவர்கள், நீ போனதிலிருந்து என்னைக் கண்டால் காறித் துப்பிவிட்டுப் போகிறவர்கள். சுவரையே பார்த்தார்கள். "பவானி பூட்டாளா?" என்று கேட்டார்கள். "பூட்டா" என்றேன். "எப்போ?" என்றார்கள். "மூணு வருசம் ஆச்சு" என்றேன்.

நீ கோபித்துக்கொண்டு எங்கேயோ இருக்கிறாய், வந்துவிடுவாய் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஒரேயடியாகப் போய்விட்டாயா என்று கேட்கிறார்கள் என நினைத்து நான் பதில் சொன்னேன். அக்கா மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்ட பிறகுதான் எந்தப் பூட்டா என்று புரிந்தது. நீ செத்தாய் என்று நான் சொல்லவில்லை.

கருணாகரன்


கோத்தகிரி
14.5.2025

கருணாகரனுக்கு,

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் பேசியதை எல்லாம் கூட்டினாலும் அந்த ஒரு கடிதத்தின் அளவு வராது. வாட்ச்மேனுக்குப் படித்துக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன். பெருமையாக இருந்தது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அதற்காக விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. புரிந்துவிட்டது என்கிறாயே, புரிந்த அந்த நொடியில் வாயைத் திறந்து "இல்லக்கா, உசுரோடதான் கீறா" என்று ஏன் சொல்லவில்லை? மூன்றே வார்த்தை. மாலை போட்டபோதாவது சொன்னாயா? விளக்கு ஏற்றினபோது? நீ ஏற்றவிட்டிருக்கிறாய்.

ரேகா போட்டோ அனுப்பினாள். கண்ணெல்லாம் நானேதான். அந்தக் காவி நிறம்கூட எனக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் மூக்குத்தி? எனக்கு வலது பக்கம்யா. நீ இடது பக்கம் போட்டிருக்கிறாய். ஒரே வீட்டில் ஒரே தட்டில் மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம், மூக்குத்தி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை உனக்கு. அதற்குத்தான் நான் கிளம்பினேன் என்று இப்போதாவது புரிகிறதா? நீ என்னை அடித்ததில்லை, குடித்ததில்லை. மார்க்கெட்டில் யாரிடமும் சொல்லி அழ என்னிடம் ஒரு காரணம்கூட இல்லை. "பேச மாட்டேங்கிறார்" என்று சொன்னால் சிரிப்பார்கள். என் அம்மா இறந்த அன்று நீ வந்தாய், நின்றாய், ஷிப்டுக்குப் போய்விட்டாய். ராத்திரி வந்து சாப்பிட்டுப் படுத்தாய். ஒரு வார்த்தை, கருணா. "அழாதே" என்றுகூட வேண்டாம், "அழு" என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் நான் தனியாக இருந்தேன். இங்கேயும் தனியாகத்தான் இருக்கிறேன், ஆனால் இங்கே யாரும் பக்கத்தில் படுத்துக்கொண்டு பேசாமல் இருப்பதில்லை.

அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்துவிடு.

பவானி


திருவொற்றியூர்
18.5.2025

பவானிக்கு,

வெள்ளை அடித்துப் பார்த்தேன், ஒரு மூலையில். நிற்கவில்லை. கப்பல் பெயிண்ட் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, வழிந்துவிடுகிறது. உப்புக் காற்றுக்குப் பத்து வருஷம் தாங்கும் என்று நானே சொல்லி வாங்கின சரக்கு.

மூக்குத்தி விஷயம். நீ கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலை சீவும்போது பின்னாலிருந்து பார்ப்பேன். கண்ணாடியில் அது இடது பக்கம் தெரியும். அதைத்தான் வரைந்திருக்கிறேன். நேராகப் பார்த்தால் நீ என்ன என்று கேட்பாய். எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. அதனால் நேராகப் பார்த்ததில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். சொல்கிறேன். நீ போனதிலிருந்து இந்த பிளாக்கில் யாரும் என்னோடு பேசுவதில்லை. நான்தான் ஏதோ செய்து உன்னைத் துரத்திவிட்டேன் என்று நினைத்தார்கள். டீக்கடை செல்வம் கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவான். லிஃப்டில் நான் ஏறினால் இறங்கிவிடுவார்கள். அதுவும் பழகிவிட்டது.

அன்றைக்கு அக்கா அழுதுவிட்டு எழுந்து என் தலையைப் பிடித்துத் தோளோடு அணைத்துக்கொண்டார்கள். "இத்தினி நாளா உள்ளயே வச்சிக்கினு இருந்தியா நைனா" என்றார்கள். மறுநாள் நெத்திலிக் குழம்பு வந்தது. அப்புறம் தினமும் யாராவது எதையாவது கொண்டுவருகிறார்கள். செல்வம் எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிறான். உன்னைப் பற்றிப் பேசுகிறார்கள். வஞ்சிர மீனுக்கு நீ விலை சொல்கிற மாதிரி யாரோ பேசிக் காட்டினார்கள், எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். இதெல்லாம் நீ போய்விட்டாய் என்றபோது கிடைக்கவில்லை. நீ செத்துவிட்டாய் என்றதும் கிடைத்தது. வாயைத் திறந்தால் அவ்வளவும் போய்விடும். அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விழா 31ஆம் தேதி முடிகிறது. அன்று சாயங்காலம் சுவருக்குக் கீழே உனக்கு மரண கானா பாடப்போகிறார்கள். பாடுகிற பையன் பெயர் மதி. "அக்காவுக்கு இன்னா புடிக்கும்ணா, சொல்லு, பாட்டுல வைக்கிறேன்" என்று கேட்டுக்கொண்டு வந்தான். நான் சொல்லச் சொல்ல நிறைய எழுதிக்கொண்டு போனான்.

கருணாகரன்


கோத்தகிரி
22.5.2025

கருணாகரனுக்கு,

எனக்குக் கோபம்தான் வர வேண்டும். நெத்திலிக் குழம்பு என்று படித்ததும் அழுகை வந்துவிட்டது. அவர்களை நினைத்தா, உன்னை நினைத்தா, குழம்பை நினைத்தா என்று தெரியவில்லை.

ஆனால் நீ பசியாறுவதற்கு நான் செத்திருக்க முடியாதுய்யா. எனக்கும் ஊர் அதுதான். சாவுக் கானா பாடி முடித்துவிட்டால் பிறகு நான் எப்படி அந்த மார்க்கெட்டில் போய்க் கூடையை இறக்குவேன்? பேயைப் பார்த்ததுபோல் ஓடுவார்கள். இல்லையென்றால் ஊரையே அழவைத்தவள் என்று காலத்துக்கும் தூற்றுவார்கள். ரேகாவுக்கு ஒரு போன் போட்டு ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்லலாம். அவள் வாயைக் கஷ்டப்பட்டு மூடிவைத்திருக்கிறேன். அவள் சொன்னால் நீ பொய்க்காரன் ஆகிவிடுவாய். நீயே சொன்னால் தப்பாகப் புரிந்துகொண்டதாக முடிந்துவிடும்.

31ஆம் தேதி மைக் இருக்கும், எல்லாரும் இருப்பார்கள். பாட்டு ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடு. மேட்ரனுக்கு அடுத்த வாரம் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

பவானி


திருவொற்றியூர்
1.6.2025

பவானிக்கு,

சொன்னேன். நேற்றுச் சொன்னேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வெயில் தாழ்ந்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து படகுக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மூங்கில்கால் ஆட்டம் முடிந்தது. சங்கமித்ரா அம்மா என் கையில் மைக்கைக் கொடுத்து, "பவானி அம்மாவைப் பத்தி ரெண்டு வார்த்தை" என்றார்கள். ஸ்பீக்கர் பெட்டியில் ரொம்ப நேரம் என் மூச்சுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

அப்புறம் சொன்னேன். "என் பவானி சாவல. உசுரோட கீறா" என்றேன்.

கை தட்டினார்கள். நான் மறுபடி சொன்னேன். "நெசமாத்தான் சொல்றேன். அவ சாவல. எனக்குத் தெரியும்." இன்னும் பலமாகத் தட்டினார்கள். பெண்கள் கதறி அழுதார்கள். குணசுந்தரி அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "ஆமா நைனா, நம்ம கூடவேதான் கீறா, எங்க பூடுவா அவ" என்றார்கள். மதி அதையே பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டான். சட்டி மேளம் அடிக்கிறவன் கூடச் சேர்ந்தான். நான் மைக்கைக் கேட்டேன். "போதும்ணா, உக்காரு, தாங்கமாட்ட" என்று தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

வாழ்க்கையில் முதல்தடவை நிறையப் பேர் முன்னால் ஒரு விஷயத்தைச் சொன்னேன். அது யாருக்கும் போய்ச் சேரவில்லை. இன்று பிளாக்கில் முன்பைவிட அதிகமாகப் பாசம் காட்டுகிறார்கள். கொண்டுவந்ததை எல்லாம் மூடியபடியே வைத்திருக்கிறேன். இனிமேல் நான் சொல்லி ஆகாது. நீ வந்து நின்றால்தான் உண்டு.

கருணாகரன்


கோத்தகிரி
4.6.2025

கருணாகரனுக்கு,

நான் வந்து நின்றேன்.

பஸ் ஏறி மாதவரத்தில் இறங்கி, துணிப் பையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடற்கரை ரோட்டுக்குத்தான் வந்தேன். நீ சொல்லி முடித்ததும், முகம் தெரியாமல் தலையில் போட்டிருந்த முந்தானையை எடுத்துவிட்டு முன்னால் போய் நிற்பதாக இருந்தேன். பஸ்ஸில் தூங்காமல் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். எப்படி நடப்பது, என்ன சொல்வது, அக்கா மயங்கி விழுந்தால் எப்படிப் பிடிப்பது.

அந்தக் கூட்டத்தில் என்னை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அண்ணாந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா விளக்கை எடுத்துக்கொண்டு என் தோளை இடித்துக்கொண்டு போனார்கள், "தள்ளும்மா" என்றார்கள். நீ மைக் முன்னால் மூச்சு விட்டதைக் கேட்டேன். அத்தனை பேருக்கு அது துக்கம். எனக்கு மட்டும்தான் அது நம் வீடு.

நீ சொன்னாய். கேட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். கருணா, நானும் தட்டினேன். தட்டிவிட்டுத்தான் என் கையைப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னிடம், "பொண்டாட்டி மேல இன்னா உசுரு பாத்தியா அந்த ஆளுக்கு. குடுத்து வச்சவ" என்றாள். ஆமாம் என்றேன்.

பையன் நன்றாகப் பாடினான். காலையில் தலை சீவும்போது வாய்க்குள் கணக்குப் போடுவேன் என்றுகூட அதில் இருந்தது. அது எனக்கே தெரியாது. இவ்வளவையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். அந்தப் பாட்டில் பாதியை என்னிடம் சொல்லியிருந்தால் நான் மலை ஏறியிருக்க மாட்டேன்.

ஏன் முன்னால் வரவில்லை என்று கேட்பாய். அவர்கள் அழுதது அந்தச் சுவரில் இருக்கிறவளுக்காக. அவள் நல்லவள், புருஷனை விட்டுப் போகாதவள், விதி கொண்டுபோய்விட்டது. நான் போய் நின்றால் அவள் அங்கேயே செத்துவிடுவாள், நான் ஓடிப்போனவளாக நிற்பேன். அத்தனை கண்ணீரையும் ஒரு நொடியில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. உனக்கு வரும் குழம்பும் நின்றுபோகும். மதி கடைசி வரி பாடுவதற்குள் ஆட்டோ ஏறிவிட்டேன்.

மேட்ரனிடம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் வந்துவிட்டார்கள், இருநூறு பேருக்கு உப்புமா கிண்டுகிறேன். அந்தப் பவானியை நீயே வைத்துக்கொள். ஊரில் என்னை அத்தனை பேர் அத்தனை பிரியமாகப் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க நான் வரமாட்டேன். இனி எழுத வேண்டாம்.

பவானி


காட்டுப்பள்ளி
11.6.2025

பவானிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும்.

உன் கடிதம் வந்த அன்று எண்ணூர் போனேன். ரேகாவைக் கூப்பிட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்கு வந்தேன். நல்ல வியாபார நேரம். போன மாசம் நீ ரேகாவைத் திட்டி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாயே, நான் உயிரோடு இருப்பதைக் கடைகடையாய் உளறிக்கொண்டு போகாதே, பல்லை உடைப்பேன் என்று. அதைச் சத்தமாகப் போடச் சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள். செத்தவள் அப்படித் திட்ட மாட்டாள்.

குணசுந்தரி அக்கா தெர்மாகோல் பெட்டி மூடியால் என்னை அடித்தார்கள். அது உடைந்ததும் கையால் அடித்தார்கள். யாரும் விலக்கவில்லை, நானும் நகரவில்லை. தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று சொல்லவில்லை. முதல் நாளே தெரியும், சோற்றுக்காகவும் பேச்சுக்காகவும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். பவானி ஓடிப்போகவில்லை, நான் பேசாததால் போனாள் என்றும் சொன்னேன். பேசாததற்கா என்று ஒருத்தி சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. அவர்கள் புருஷனும் அப்படித்தான் இருந்தாராம், சாகும்வரை.

மாலையெல்லாம் எடுத்துவிட்டார்கள். உயிரோடு இருக்கிறவளுக்கு விளக்கு வைத்தது ஆகாது என்று சுவருக்குக் கீழே பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழித்தார்கள். செல்வம் மறுபடி கிளாஸை வைத்துவிட்டுப் போகிறான். யாரும் எதுவும் கொண்டுவருவதில்லை. அது சரிதான், எனக்காக வந்தது இல்லை அது.

நான் வீட்டைப் பூட்டிவிட்டு யார்டு குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டேன். ஒரு அறையில் எட்டுப் பேர், எல்லாரும் ஒடிசாக்காரர்கள், அவர்கள் பேச்சு எனக்குப் புரியாது. துணி மட்டும் எடுத்து வந்தேன். கண்ணாடி, பாத்திரம், உன் தராசு எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். நீ என்னிடம் வர வேண்டாம். ஊருக்கு வா.

மார்க்கெட்டில் உன் இடத்தில் அக்கா ஒரு கோணியை விரித்து, யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுச் சாவி அவர்களிடம்தான் இருக்கிறது. உன்னைப் பார்த்ததும் முதலில் அடிப்பார்கள். வாங்கிக்கொள்.

கருணாகரன்